சாமி இறங்கும் சரிவு

கொல்லிமலையில் நான் வெட்டவைத்த குழிகளை ஊரே ஒன்றுகூடி மூடிவிட்டது. அந்தச் சமயத்தில் நான் மலையில் இல்லை. கீழே ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, குழி வெட்டினால் மழைநீர் எப்படி நிலத்துக்குள் இறங்கும் என்று படம்போட்டு விளக்கியவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சரிவில் நின்று பார்த்தால், நடுவே குழிகள் இருந்த இடத்தில் புது மண் நிரவிக் கிடக்கிறது. அதன்மேல் மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் என்னிடம் எதையும் சொல்லுமுன் என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அந்த நேரம் சரிவில் என் முகத்தைப் பார்க்க யாரும் இல்லாதது அவர்கள் செய்த புண்ணியம்.

நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. நீர்வடிப்பகுதி என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஒரு முகட்டில் விழும் மழை எந்தப் பள்ளத்தில் போய்ச் சேருகிறதோ, அந்த முகட்டிலிருந்து அந்தப் பள்ளம் வரைக்கும் உள்ள நிலம் மொத்தமும் ஒரு நீர்வடிப்பகுதி. ஓடுகிற தண்ணீரை நடக்கவைப்பதும், நடக்கிற தண்ணீரை உட்காரவைப்பதும், உட்கார்ந்ததை மண்ணுக்குள் இறங்கவைப்பதும்தான் எங்கள் உத்தியோகம். மேலே குழி, நடுவில் வரப்பு, கீழே தடுப்பணை. தினமும் காளப்பநாயக்கன்பட்டியில் முதல் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் இறங்குவேன். அங்கிருந்து ஜீப் கிடைத்தால் ஜீப், இல்லாவிட்டால் நடை. எனக்கு ஒதுக்கியிருந்தது எடப்புளி நாடு என்ற மலைப்பகுதியில் ஒரு சிற்றூரும் அதன் பின்னால் இருந்த சரிவும்.

அந்தச் சரிவின் அடியில் ஒரு ஊற்று. பாறை இடுக்கிலிருந்து வரும் தண்ணீரைப் பிளந்த மூங்கிலில் பிடித்து ஒரு கல்தொட்டியில் விட்டிருந்தார்கள். தொட்டி நிரம்பி வழிந்தால் கீழே உள்ள வயல்களுக்குப் போகும். முதல் வயல் அக்காவுடையது. ஊற்றை ஒட்டி அவருக்கு ஒரு துண்டு நெல்வயல், மேலே சரிவில் மரவள்ளி போட்ட குச்சிக்கிழங்குக் காடு, நாலு மரத்தில் ஏறிய மிளகுக்கொடி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சோறு போட்டவர் அவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் கண்ணு என்பார்.

ஊற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து எழுத என்னிடம் ஒரு படிவம் இருந்தது. வாளியை வைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்து எழுத வேண்டும். அக்காவிடம் வேறு அளவு இருந்தது.

"முன்னயெல்லாம் குடத்த வெச்சுட்டுக் கூந்தல முடிஞ்சா நெறஞ்சிரும் கண்ணு. இப்ப வெச்சுட்டுப் போயி ரெண்டு பாத்தி களை எடுத்துட்டு வாரேன். அப்பவும் கழுத்து வரைக்குந்தான் நிக்குது."

சித்திரையில் அதுவும் நின்றுவிடும். மூன்று வருடமாக அவர் வயலில் நாற்று விடவில்லை. கணவர் கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் கூலிவேலை. வாரம் ஒருமுறை போன் வரும். நான் பக்கத்தில் இருந்தபோதே ஒருநாள் அது வந்தது. அந்த மனிதர் சத்தமாகப் பேசுவார், ஸ்பீக்கர் தேவைப்படாது.

"வர்ற சித்திரைய விடு, அடுத்த வருசச் சித்திரை ஒண்ணு பாக்கறேன். அப்பவும் ஊத்து வத்திப்போச்சுன்னா ஊட்டப் பூட்டிட்டு நீயும் கெளம்பீரோணும். நான் ஒருத்தன் இங்கயும் நீ ஒருத்தி அங்கயும் எத்தன நாளைக்கு?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கஷ்டம். போனை வைத்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "ரெண்டு வருசம் நானும் அங்க போயிருந்தவதான். அங்க நான் கூலிக்காரி. இங்க எனக்கு ஒரு வயல் இருக்குது. காஞ்சு கெடந்தாலும் எம்பட வயலு."

அன்று முதல் எனக்கு அந்த ஊற்று படிவத்தில் வெறும் ஒரு கட்டமாக இல்லை. அடுத்த வருடச் சித்திரைக்குள் அதில் தண்ணீர் நிற்காவிட்டால் இந்தப் பெண் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற நினைப்பு பஸ்ஸிலும் கூடவே வந்தது.

மாசியில் சரிவை அளந்தேன். பங்குனியில் குழி வெட்டினோம். ஒரே மட்டத்தில், சரிவுக்குக் குறுக்கே, வரிசை வரிசையாக நீளக் குழிகள். ஊரே வந்து வெட்டியது. சரிவின் நடுவே உச்சியிலிருந்து ஊற்று வரை நேர்கோடாக ஒரு புல்தரை இருந்தது. அங்கே மட்டும் யாரும் கிழங்கு போடவில்லை. தரிசு என்று நினைத்துக்கொண்டேன். அதன் குறுக்கேயும் கோடு போட்டேன். அப்போது கடப்பாரைகள் கொஞ்சம் தயங்கியது இன்றைக்கு நினைவுக்கு வருகிறது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வெட்டோணுமுங்களா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாங்க" என்றேன். வெட்டினார்கள்.

அந்தப் புல்தரை, சாமி இறங்கும் வழி. உச்சியில் இருக்கும் கோயிலிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை, வைகாசித் திருவிழாவில், நாலு பேர் தோளில் சாமி அந்த வழியே இறங்கி ஊற்றுக்கு வந்து குளிக்கும். மற்ற நாளெல்லாம் அதில் காலடித் தடம்கூட இருக்காது. மூடிய குழிகளைப் பார்த்துவிட்டு நான் மூச்சிரைக்கப் போய் நின்றது பூசாரி முன்னால்தான். கிழங்குக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வெட்டறப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று கத்தினேன்.

"எப்பிடிங்க அம்மிணி சொல்றது? நீங்க எங்க ஊருக்கு நல்லது பண்ண வந்தவங்க. வந்தவங்க மூஞ்சிக்கு நேரா வேண்டாமுன்னு சொன்னா மரியாதையாங்க?" அவர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். "சாமி வர்றதுக்கு அந்தத் தடத்துல மட்டும் மூடியிருக்கறோம். நோம்பி முடிஞ்சதும் முன்ன இருந்தாப்பலயே வெட்டிக் குடுத்துருவோமுங்க."

அதாவது, என் மனம் நோகக்கூடாது என்று வெட்டினார்கள். சாமி மனம் நோகக்கூடாது என்று மூடினார்கள். இப்படி ஒரு மரியாதையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. தலையில் அடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதில் என் பங்கு பாதிக்கு மேல் என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல மாதம் ஆயிற்று.

திருவிழா நடந்தது. சாமி இறங்கிக் குளித்து ஏறியது. குழிகளை மறுபடி வெட்ட நாள் குறித்திருந்த நேரத்தில் மழை முந்திக்கொண்டது. ஒரு மத்தியானம், இரண்டு மணி நேரம், வானம் கொட்டித் தீர்த்தது. இரண்டு பக்கமும் இருந்த குழிகள் நிரம்பின. நிரம்பிய தண்ணீர் எந்த இடம் இளகியிருக்கிறது என்று தேடியது. நடுவே மூடிய புது மண்தான் இளகியிருந்தது. அத்தனை குழித் தண்ணீரும் அந்த வழியில் உடைத்துக்கொண்டு, சாமி இறங்கிய பாதையிலேயே இறங்கியது. வழியிலிருந்த மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போய் ஊற்றின் வாயில் கொட்டியது.

மறுநாள் நான் போனபோது அக்கா தொட்டிக்குள் முழங்கால் சேற்றில் நின்று சட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். மூங்கிலைக் காணவில்லை. பாறை இடுக்கு அடைந்துபோயிருந்தது. என்னைப் பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சேறு பட்ட கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

"அவருக்குப் போன் போட்டீங்களாக்கா?"

"போட்டேன். சித்திரை வரைக்கும்னு சொன்னது சொன்னதுதானாம். அதுக்கு முந்தி வா-ன்னு சொல்ல மாட்டாராம்." சட்டியை நிமிர்த்திப் பிடித்தார். "அதுவரைக்கும் நாள் இருக்குதில்ல கண்ணு. அள்ளு."

ஊற்றைத் தோண்டி எடுக்க நாலு நாள் ஆயிற்று. சாமி வழியோ இப்போது இடுப்பளவு பள்ளமாகிவிட்டது. இனி ஒவ்வொரு மழைக்கும் அது வாய்க்கால்தான். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அந்தப் பாதையை அடைத்து மரம் நட வேண்டும், சாமி வேறு பக்கமாக இறங்கட்டும். பூசாரியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நேருக்கு நேர் மறுக்கிற ஆள் அவர் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டதால் விடாமல் நின்றேன். கடைசியில், "இது நான் சொல்றதில்லீங்க. பூப் போட்டுக் கேக்கோணும்" என்றார்.

அமாவாசையன்று காலையில் கேட்டார்கள். ஒரே மாதிரியான இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. கேள்வியை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்த வழியை அடைத்துவிடலாமா? பூசாரி கண்ணை மூடி நின்று, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

பொட்டலங்களில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று நான் முன்பே உற்றுப் பார்த்திருந்தேன். ஒன்றுமில்லை. அதனால் யாரையும் குற்றம் சொல்லவும் வழியில்லாமல், "அப்ப மழைய யாரு நிறுத்தறதாம்? சாமியே நிறுத்துமா?" என்று கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டேன். எடுத்த கேள்வியை அடுத்த திருவிழா வரை மறுபடி கேட்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஆபீசில் சார் கேட்டார். எனக்கு மேலே இருந்த பொறியாளர் அவர். "ஏம்மா, அந்தச் சரிவு என்னாச்சு? ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும்?" சாமி பூக் கொடுக்கவில்லை என்று எழுதச் சொல்லவா முடியும்? பரிசீலனையில் உள்ளது என்றேன்.

ஆடி முடிகிற சமயம். அக்கா என்னைக் கையைப் பிடித்து அந்தப் பள்ளத்துக்குக் கூட்டிப்போனார். அவருடைய கிழங்குக் காட்டுக்கு ஏற வசதியாக, தன் நிலத்தில் பொறுக்கிய கற்களைப் பள்ளத்தின் குறுக்கே ரெண்டு மூன்று இடத்தில் போட்டு வைத்திருந்தார். கால் வைத்து ஏறுவதற்கு.

"மேல பாரு கண்ணு. கல்லுக்குப் பின்னால."

பார்த்தேன். ஒவ்வொரு கல்வரிசைக்கும் மேல்புறம் ஒரு சாண் வண்டல் படிந்து மட்டமாகியிருந்தது. அதில் புல் முளைத்திருந்தது. என் கைப்புத்தகத்தில் இதற்குப் பெயர் உண்டு: கல் தடுப்பு. ஓடையில் குறுக்கே கல் அடுக்கினால் தண்ணீர் வேகம் குறையும், மண் தங்கும், தங்கிய மண்ணில் நீர் இறங்கும். பாடமாகப் படித்து, பரீட்சை எழுதி, அதில் மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். இத்தனை நாள் அந்தக் கற்களை மிதித்துத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

"வழிய அடைக்கட்டுமான்னு கேட்டா எந்தச் சாமிதான் செரின்னு சொல்லும்?" என்றார் அக்கா. "உங்கூட்டு வாசல அடைக்கட்டுமான்னு கேட்டா நீ சொல்லுவியா? நான் வேற கேள்வி கேக்கப்போறேன்."

அடுத்த அமாவாசைக்கு அவரே போய் நின்றார். குளித்து, ஈரத் தலையோடு. அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"சாமி, நீ எறங்குற வழி பள்ளமாப் போச்சு. தூக்குறவங்களுக்குக் காலு வழுக்குது. படி வெச்சுக் குடுக்கட்டுமா?"

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். பூவை நம்பாதவள், அந்த ஒரு நிமிடம் மட்டும் முழுசாக நம்பினேன். வெள்ளை. அக்கா அந்தப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

இனி சாரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவருக்குப் பூப் போட்டுக் கேட்கிற வசதி இல்லை.

"படிக்கட்டுக்கு நம்ம திட்டத்துல இடமே இல்லம்மா. அது கோயில் வேலை" என்றார்.

"படிக்கட்டு இல்ல சார், கல் தடுப்பு. இருபது கல் தடுப்பு. மேல யாரு நடந்தா நமக்கென்ன?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜீப் ஏறி நேரிலேயே வந்தார், பள்ளத்தில் இறங்கி அக்காவின் கற்களைக் காலால் அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. "செரி, எழுதும்மா" என்றார். நல்ல மனிதர். அவரைப் பற்றி நான் வீட்டில் சொல்லியிருந்த சில வார்த்தைகளை மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கைப்புத்தகத்தில் இரண்டு தடுப்புகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று ஒரு கணக்கு உண்டு. அதைச் சொன்னதும் பூசாரி, முதல்முறையாக, என் முகத்துக்கு நேரே "அது ஆகாதுங்க அம்மிணி. அத்தன தூரத்துக்குப் படி இல்லீன்னா தூக்குறவங்களுக்குக் காலு நிக்காது" என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. சாமி தூக்குகிற நாலு பேர் தோளில் சாமி கனத்துக்கு ஒரு மரக்கட்டையை ஏற்றி, உச்சியிலிருந்து மெதுவாக இறங்கச் சொன்னோம். முன்னால் போனவர்களுக்குக் கால் வழுக்கிய இடத்திலெல்லாம் நான் பின்னாலேயே போய்ச் சுண்ணாம்பு வைத்தேன். சுண்ணாம்பு விழுந்த இடமெல்லாம் கல்வரிசை. கணக்கில் வந்ததைவிட நெருக்கமாக, எண்ணிக்கையில் இரண்டு மடங்காக வந்தது. தடுப்பின் நடுப்பகுதி கொஞ்சம் தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் பக்கத்துக் கரையை அரிக்காது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சாமி சாயக்கூடாது என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். கடைசியில் ஓரக் கற்கள் உயரம், நடுவில் நாலு விரல் தாழ்வு, நாலு பேரும் ஓரத்தில் கால் வைத்து இறங்குவது என்று முடிவாயிற்று. ஆவணியும் புரட்டாசியும் கல் சுமந்தோம். வெளியிலிருந்து லாரியில் கல் வரவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் காட்டில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடந்த கல்லைக் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் குழிகளின் முனைகளைப் பாதைக்கு முன்பாகவே நிறுத்தி, மண் அணைத்து இறுக்கினோம்.

ஐப்பசி மழையில் நான் சரிவிலேயே நின்றேன். குடை இருந்தது, பிடிக்கவில்லை. தண்ணீர் முதல் கல்வரிசைக்குப் பின்னால் தேங்கி, நடுவால் வழிந்து, அடுத்ததில் தேங்கி, அவசரமில்லாமல் இறங்கியது. ஊற்றருகே வந்தபோது அதில் மண் நிறம் குறைவாகவே இருந்தது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தேன். வழுக்கி விழுந்தேன். அக்கா சிரித்த சிரிப்பு பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும்.

ஆனால் ஐப்பசியில் எந்த ஊற்றிலும் தண்ணீர் வரும். கேள்வி சித்திரைக்குத்தான். தையில் நன்றாக வந்தது. மாசியில் வாளி அளவு கொஞ்சம் குறைந்தது. பங்குனியில் இன்னும் கொஞ்சம். நான் ஒன்றுவிட்டு ஒருநாள் அளந்தேன். படிவத்தில் மாதம் ஒருமுறைக்குத்தான் இடம். அக்கா அளக்கவில்லை. குடத்தை வைத்தார், எடுத்தார். எப்படி நிறைகிறது என்று கேட்க எனக்குப் பயம்.

சித்திரை இரண்டாம் வாரம் அவர் கணவர் வந்தார். அன்று நான் வந்த அதே பஸ்ஸில், எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கண்டக்டரிடம் ஒரு சீட்டுக் கேட்டது பஸ் முழுக்கக் கேட்டது. காலருகே, நடைவழியில், மடித்த சாக்குகள். ஏழெட்டு இருக்கும், நன்றாக உதறி, சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். வீட்டுச் சாமான் கட்டத்தான் என்று பார்த்ததும் புரிந்தது. வழி முழுக்க நான் அந்தச் சாக்குகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். எலுமிச்சம்பழம் கையிலேயே இருந்தது.

வீட்டில் அக்கா அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் சாக்குக் கட்டை வாசலில் போட்டார். அக்கா அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் உள்ளே போனார். அவர் குளிக்கத் துண்டை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினார். நானும் அக்காவும் உலை கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இரு கண்ணு" என்றார்.

குளிக்கிற நேரத்தைவிட ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு தலை ஈரத்தோடு வந்தார். சத்தமாகப் பேசுகிற மனிதர், அன்று மெதுவாகத்தான் கேட்டார்.

"மேல வரைக்கும் ஏறிப் பாத்தேன். அந்தக் கல்லெல்லாம் யாரு அடுக்குனது?"

"ஊரே சேந்து" என்றார் அக்கா.

அவர் துண்டால் தலையைத் துவட்டினார். "வெத நெல்லு ஏதாச்சும் வெச்சிருக்கியா, இல்ல தின்னு தீத்துட்டியா?"

"நாலு வருசமா ஒவ்வொரு போகமும் பழசக் குடுத்துப் பக்கத்து ஊட்டுல மாத்தி மாத்தி வாங்கிப் புதுசா வெச்சுட்டுத்தான் இருக்கறேன்."

அவர் வாசலுக்குப் போய்ச் சணல் கயிற்றை அவிழ்த்தார். மேலே இருந்த சாக்கை எடுத்து உதறினார். அக்கா உள்ளிருந்து அடுக்குப் பானையைத் தூக்கிவந்து சாய்க்க, விதைநெல் சாக்குக்குள் சரசரவென்று இறங்கியது. அதே கயிற்றால் வாயைக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு, முளைகட்ட ஊறவைப்பதற்காக ஊற்றுக்கு இறங்கினார். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். தொட்டி வழிந்துகொண்டிருந்தது. சாக்கு உள்ளே இறங்கியதும் இன்னும் கொஞ்சம் வழிந்து வயல் பக்கம் போயிற்று.

அக்கா மூங்கிலுக்கு அடியில் குடத்தை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கூந்தலை முடிந்தார்.